மூட்டை கட்டிய சருகு

எங்கள் தெருவில் முப்பத்தெட்டு வீடு. காட்டுத் தீ வந்துபோன மறுநாள் முப்பத்தேழு வீடு அப்படியே நின்றது. ஒரு வீட்டில் அவசரத்தில் கொடியிலேயே விட்டுப்போன துண்டுகூடக் கருகவில்லை. எரிந்தது ஒரே ஒரு வீடு. அது என் வீடு. அதுவும் மலையை ஒட்டிய வீடு இல்லை. தெருவின் அடிக்கோடியில், மலைக்கு ரொம்பத் தள்ளி இருந்த வீடு. இன்றைக்கும் யாரிடமாவது இதைச் சொல்லும்போது பாதியில் நின்று, சரியாகத்தான் சொல்கிறோமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

முப்பத்தேழு வீடு பிழைத்ததற்குக் காரணம் என் அக்கா. அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. என் வீடு எரிந்ததற்குக் காரணம் யார் என்பதில்தான் பேச்சு. அதைச் சொல்வதற்கு முன்னால் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவளைத் தெரியாதவர்களுக்கு நடந்தது எதுவுமே புரியாது.

அக்கா என்னைவிட ஆறு வயது பெரியவள். தெருவில் அவளுக்குப் பெயர் ஏணியக்கா. முகம் தெரிவதற்கு முன்னால் தோளில் இருக்கிற அலுமினிய ஏணி தெரிந்துவிடும். ஆரஞ்சு நிற மேல்சட்டை, இடுப்பில் ஒரு சுருள் கம்பி வலை, கூரை ஓரத்துத் தகரக் கால்வாயில் அடைத்துக்கொண்டிருக்கும் சருகை வழித்தெடுக்க ஒரு பழைய கரண்டி. அந்தக் கரண்டி என் சமையலறையிலிருந்து போனது. கேட்டு எடுத்துப் போனாளா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது விசாரித்தால், "வந்தவங்க ஒருத்தருக்கும் கூரை மேல ஏறத் தெரியல" என்பாள். கேட்டவர் சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள்.

பத்தொன்பது வருடம் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தவள் அவள். கட்டில் விரிப்பும் தலையணை உறையுமாக ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் கொதிநீரில் போட்டு எடுக்கிற வேலை. ஐந்து வருடத்துக்கு முன்னால் மலையின் அந்தப் பக்கச் சரிவில் தீ பிடித்தது. தீக்காயத்தோடு வந்தவர்களின் விரிப்புகள் கீழே சலவைக்கு வந்தன. இரண்டு தடவை துவைத்தும் புகை வாடை போகவில்லை. அக்காவால் சும்மா இருக்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மாடி ஏறிப் போய், வார்டில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறாள், உங்கள் வீடு எப்படிப் பிடித்தது என்று. அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தபோது அவள் முகம் வெளுத்துக் கிடந்தது.

"ஒருத்தர்கூட தீ நேரா வந்துதுன்னு சொல்லலடி. ஒருத்தருக்கு வாசல் மிதியடி. ஒருத்தருக்குக் கூரையில கெடந்த சருகு. இன்னொருத்தருக்கு மாடிப்படிக்குக் கீழ அடுக்கி வெச்ச விறகு. காத்துல ஒரு பொறி பறந்து வந்து உக்காந்திருக்கு, அவ்வளவுதான். தீ எங்கயோ தள்ளி நிக்குது, வீடு இங்க எரியுது!"

"சரி, டீ குடிக்கிறியா?" என்றேன் நான். எனக்கு அன்று அவ்வளவுதான் புத்தி.

அதற்கப்புறம் அவள் தீயணைப்பு நிலையத்தில் நடந்த பயிற்சிக்குப் போனாள். விடுப்பு நாளையெல்லாம் அங்கேயே கழித்தாள். நகராட்சி ஒவ்வொரு மலையடித் தெருவுக்கும் ஒரு பொறுப்பாளரை நியமித்தபோது, சலவைக் கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு எங்கள் தெருவுக்குப் பொறுப்பாளராக வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து எங்களுக்கு நிம்மதி போயிற்று. விருந்துக்குக் கூப்பிட்டால் முதலில் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். அப்புறம்தான் உள்ளே வந்து உட்காருவாள். ஐந்தடி நீளத்தில் ஒரு கம்பு வைத்திருந்தாள். அதைச் சுவரில் முட்டக் கொடுத்துத் தரையில் கிடத்துவாள். அந்த ஐந்தடிக்குள் விறகு, பழைய பேப்பர், பிளாஸ்டிக் நாற்காலி, காய்ந்த செடி என்று எரியக்கூடிய எது இருந்தாலும் வீட்டுக்காரர் தொலைந்தார்.

"வீட்டை நீங்க பாக்கற மாதிரி பாக்காதீங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்வாள். "பொறி பாக்கற மாதிரி பாருங்க. அது வந்து உக்கார எங்க எடம் வெச்சிருக்கீங்கன்னு பாருங்க."

இதையெல்லாம் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் எனக்கும் அவளுக்கும் இடையில் ஒரு கசப்பு இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

வீட்டு வீட்டுக்குச் சோதித்து வாசல் கேட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. பச்சை என்றால் பத்திரம், மஞ்சள் என்றால் சரிசெய்ய வேண்டும், சிவப்பு என்றால் மோசம். ஒரு நாள் நான் கடையிலிருந்து வந்தால் என் கேட்டில் சிவப்பு. தெருவிலேயே ஒரே சிவப்பு. நான் மெயின் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். படித்த பேப்பரைத் தூக்கிப் போட அவருக்கு மனசு வராது; பின்பக்கம் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தார். பொறி உள்ளே புகாமலிருக்க வென்டிலேட்டருக்குக் கம்பி வலையும் அடிக்கவில்லை. தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதிர்வீட்டு மேனேஜர் வீட்டில் அதைவிட அதிகம் கிடந்தது. அவர்களுக்கு மஞ்சள்தான்.

நேரே போய்க் கேட்டேன். "வேற யாருக்காவது இப்படிச் சொல்லாம கொள்ளாம ஒட்டியிருப்பியா?"

"மத்தவங்களுக்கு ரெண்டு தடவை சொல்லிட்டுதான் ஒட்டுவேன்" என்றாள், கொஞ்சமும் கூசாமல். "நீ என் தங்கச்சிதான. உனக்கு எதுக்கு முன்கூட்டிச் சொல்லணும்?"

மூன்றே நாளில் எல்லாவற்றையும் சரிசெய்தோம். பச்சை ஸ்டிக்கர் ஒட்ட அவளுக்கு மூன்று வாரம் ஆனது. மற்ற வீட்டு வேலை இருந்ததாம். அந்த மூன்று வாரமும் கடைக்கு வருகிற ஒவ்வொருத்தரும், "என்னம்மா, ஏணியக்கா தங்கச்சி வீட்டுக்கே சிவப்பாமே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரு மொத்தமும் சேர்ந்து சுத்தம் செய்தது. ஏற்பாடு அக்காதான். கூரைக்கு மேல் வளைந்திருந்த கிளைகளை வெட்டினார்கள், தகரக் கால்வாய்களை வழித்தார்கள், காய்ந்த புல்லைச் செதுக்கினார்கள். சேர்ந்த சருகை எழுபது பிளாஸ்டிக் சாக்குகளில் அடைத்துக் கட்டினார்கள். நகராட்சி லாரி எங்கள் தெருவுக்குள் திரும்ப முடியாது. அடிக்கோடி முனையில்தான் நிற்கும். அங்கே இருப்பது இரண்டு வீடு. ஒன்று மேனேஜர் வீடு, இன்னொன்று எங்களுடையது. மேனேஜர் வீட்டு அம்மா காரை எடுக்க இடம் வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். அக்கா சங்கடப்பட்டுக்கொண்டு அப்படியே எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள்.

அன்றைக்கு விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் என்பதால் ஞாயிறும் கடை திறந்திருந்தேன். மத்தியானம் வந்து பார்த்தால் என் வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டி, படுக்கையறை சன்னல் உயரத்துக்கு, எழுபது மூட்டை.

"யாரக் கேட்டு இங்க வெச்ச?"

"லாரி வர வரைக்கும்தான்டி. ரெண்டு மூணு நாளு."

"என்னை ஒரு வார்த்த கேட்டியா?"

"உன்னைக் கேக்கணுமா?" என்றாள். கிண்டல் இல்லை, கோபம் இல்லை. நிஜமாகவே அவளுக்கு அது புரியவில்லை. "இது நம்ம வீடு மாதிரிதான?"

சுற்றி இருபது பேர் மண்வெட்டியும் துடைப்பமுமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் எதுவும் பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். என் வாய்க்கு அது ரொம்பக் குறைச்சல். அதனாலேயே உள்ளே இன்னும் அதிகமாகப் புகைந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த மூட்டைகளை எங்கள் தெருவில் பார்க்காதவர் கிடையாது. ஐந்தடி, ஐந்தடி என்று கம்பை வைத்து அளந்து எங்கள் உயிரை எடுத்தவள் அக்கா. அவள் சொல்லிச் சொல்லி ஆறு வயதுப் பிள்ளைகளுக்குக்கூட அது மனப்பாடம். இருந்தும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சருகு கூரையில் இருந்தால் ஆபத்து, தரையில் கிடந்தால் ஆபத்து. மூட்டை கட்டிவிட்டால் எங்களுக்கு அது சருகே இல்லை, முடிந்துபோன வேலை. நானும் அதை ஒரு அவமானமாகத்தான் பார்த்தேனே தவிர ஆபத்தாகப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தபோது லாரி வந்தது. ஆமாம், வந்தது. டிரைவர் இறங்கிக் கையில் ஒரு சீட்டோடு வாசலுக்கு வந்தார். நடுவயதுக்காரர், அமைதியான மனிதர். மூட்டையை எடுக்கும்போது தெருப் பொறுப்பாளரோ அவர் சார்பில் யாராவதோ கையெழுத்துப் போட வேண்டும்.

"அக்கா இல்லீங்களா?"

"மேல் கோடியில யார் வீட்டுக் கூரையிலயாவது இருப்பா."

"அவ்ளோ தூரம் போய்ட்டு வர நேரம் இல்லம்மா, இன்னும் நாலு தெரு பாக்கி இருக்கு. நீங்க தங்கச்சிதான, நீங்களே போட்டுருங்களேன்."

"நான் எதுக்குப் போடணும்? என்னைக் கேட்டா வெச்சாங்க?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "கையெழுத்து இல்லாம எடுத்தா என்னைத்தாம்மா கேப்பாங்க. இன்னிக்கு விட்டா அடுத்து திங்கக்கிழமைதான் இந்தப் பக்கம் வருவேன்."

"அப்ப திங்கக்கிழமையே வாங்க" என்றேன்.

என் செல்போன் என் கையில்தான் இருந்தது. ஒரு போன் போட்டிருந்தால் அக்கா ஏணியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருப்பாள். போடவில்லை. லாரி வந்து திரும்பிப் போன விஷயம் தெரிந்து அவள் என்னிடம் வரட்டும், ஒரு தடவையாவது 'கேட்டிருக்கணும்' என்று சொல்லட்டும் என்று நினைத்தேன். சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். நல்ல பசியோடு சாப்பிட்டேன் என்பதும் நினைவிருக்கிறது.

சாயங்காலம் அக்கா வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம் தீ வந்தது.

நான் கடையில் நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். மெஷினின் கண்ணாடி மேல் காகிதத்தை வைக்கும்போது கண்ணாடி ஆரஞ்சாகத் தெரிந்தது. மெஷின்தான் கெட்டுவிட்டது என்று குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தால் தெரு, ஆட்கள், எதிர்க்கடைப் பலகை எல்லாமே ஆரஞ்சு. ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று, அரை மணி நேரத்தில் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போக வேண்டும் என்று கத்திக்கொண்டே போனது. கடையைப் பூட்டினேனா என்றுகூடத் தெரியவில்லை.

வீட்டில் என் வீட்டுக்காரர் அக்கா கொடுத்திருந்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தார். மிதியடியைச் சுருட்டி உள்ளே போட்டார். பிளாஸ்டிக் நாற்காலிகளை உள்ளே வைத்தார். திரைச்சீலைகளைக் கழற்றினார், சன்னல்களைச் சாத்தினார், தண்ணீர்க் குழாயை வாசலில் நீட்டிவைத்தார். இதற்காக மூட்டைகளைத் தாண்டித் தாண்டி எத்தனை தடவை போனார் தெரியுமா? ஒரு இடத்தில் வழியை மறித்தது என்று ஒரு மூட்டையைத் தூக்கி மற்ற மூட்டைகள் மேல் ஒழுங்காக அடுக்கவும் செய்தார்.

அக்கா மேல் கோடியிலிருந்து வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு ஓடிவந்தாள். கடைசி வீடு எங்களுடையது. மூச்சு வாங்க நின்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள்.

"எல்லாம் கரெக்டாப் பண்ணிட்டீங்க மாப்பிள்ளை. கிளம்புங்க, கிளம்புங்க."

அதைச் சொல்லும்போது ஊன்றிக்கொள்ள ஒரு மூட்டையின் மேல்தான் கையை வைத்திருந்தாள். எனக்கு அது இப்போதும் கண்ணை மூடினால் தெரிகிறது. ஆரஞ்சு வெளிச்சம், அவள் கை, அதற்குக் கீழே சருகு நொறுங்குகிற சத்தம். மூன்று பேர் நின்றோம். மூன்று பேருக்கும் எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு மேல்தான் தெருவுக்குள் விட்டார்கள். மேல் கோடியில் இருப்பவர்கள் மலைப்பக்கத்துப் பாதை வழியாக முன்னாடியே போய்விட்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரே சத்தம். அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று புரியவில்லை. "நிக்குது! நம்ம வீடு நிக்குது!" என்று யாரோ கத்தினார்கள். மலை மொத்தமும் கரி. வேலிக்கு இந்தப் பக்கம் வீடுகள் அப்படியே இருக்கின்றன. மேல் கோடியே நிற்கிறது என்றால் நம் வீட்டுக்கு என்ன, என்று என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் முனை திரும்பினோம்.

கேட் இருந்தது. கேட்டில் பச்சை ஸ்டிக்கர் இருந்தது. கேட்டுக்குப் பின்னால் வீடு இல்லை.

நான் அழவில்லை. தெரு மாறி வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு எதிர்வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். மேனேஜர் வீடுதான். அப்படியானால் இதுதான் என் வீடு. என் வீட்டுக்காரர் கேட்டைத் திறந்து, உள்ளே போய், கதவு இருந்த இடத்தில் நின்று செருப்பைக் கழற்றினார். சாம்பலுக்கு முன்னால் நின்று செருப்பைக் கழற்றினார் அந்த மனுஷன். சூடு சுட்டதும் துள்ளி மறுபடி மாட்டிக்கொண்டார்.

பக்கச் சுவர் மட்டும் பாதி நின்றது. அதில் சன்னல் உயரம் வரை, உருகி வழிந்த பிளாஸ்டிக் கறுப்பாக ஒட்டிப்போயிருந்தது. தீயணைப்பு அதிகாரி விரலால் அதைச் சுரண்டிப் பார்த்தார்.

"இங்க என்ன இருந்துது?"

என் பின்னால் வந்து நின்றிருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். பேயறைந்த மாதிரி நின்றாள். அப்போதுதான் அவளுக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. எழுபது மூட்டை. சன்னலுக்குக் கீழே. ஒரு பொறி போதும். மூட்டை எரிந்த சூட்டில் சன்னல் கண்ணாடி வெடித்து, தீ படுக்கையறைக்குள் போயிருக்கிறது. தெரு முழுக்கக் கிடந்த ஆபத்தை எல்லாம் பொறுக்கி எடுத்து ஒரே வீட்டுச் சுவரில் அடுக்கியிருக்கிறோம்.

எனக்கு மட்டும் இன்னொன்றும் தெரியும்.

அன்றிலிருந்து நாங்கள் அக்கா வீட்டில் இருந்தோம். ஒரு அறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. அவளுடைய உடுப்பை உடுத்தினேன், அவளுடைய தட்டில் சாப்பிட்டேன். ஒரே அறையில் அவளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தோம். அவள் மூட்டையைப் பற்றிப் பேசவில்லை. நான் லாரியைப் பற்றிப் பேசவில்லை. தெரு மட்டும் விடாமல் பேசியது. "லாரிக்காரன் சொன்ன நாள்ல வந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்று வருகிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் காலையில் பல் துலக்கும்போதே அந்த டிரைவரைத் திட்ட ஆரம்பித்துவிடுவார். கோபமே வராத மனுஷர். "அவன் மட்டும் என் கண்ணுல படட்டும்" என்பார். நான் காபிப் பாத்திரத்தைக் கழுவுவேன். கழுவியதையே திரும்பக் கழுவுவேன்.

பதினோராவது நாள் பள்ளிக்கூடக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். முதலில் ஆளாளுக்கு எழுந்து அக்காவுக்கு நன்றி சொன்னார்கள். மேனேஜர் வீட்டு அம்மா அழுதே விட்டார். அப்புறம் தீயணைப்பு அதிகாரி எங்கள் வீட்டுக் கோப்பை எடுத்தார். டிரைவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றார்.

"வியாழக்கிழமை லாரி போயிருக்குன்னு சீட்டு இருக்கு" என்றார் அதிகாரி. "'கையெழுத்துப் போட ஆள் இல்லை'ன்னு எழுதியிருக்கு. ஏம்ப்பா, யாருமே இல்லையா?"

அவ்வளவுதான், கூடம் பொங்கிவிட்டது. "பொய்யி! லாரி வரவே இல்ல!" "இங்க உக்காந்து சீட்டு எழுதியிருக்கான்!" என் வீட்டுக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று கத்தினார். டிரைவரின் நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வையும் இல்லை, காட்டிக்கொடுக்கிற பார்வையும் இல்லை. 'சொல்லும்மா' என்கிற மாதிரி ஒரு பார்வை.

சொல்ல வாய் எடுத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா எழுந்தாள்.

"லாரி வந்துது" என்றாள். "அவர் மேல தப்பில்ல. கையெழுத்துப் போட வேண்டியவ நான். நான் அங்க இல்ல."

"இல்லக்கா, அன்னிக்கு அங்க..." என்று டிரைவர் ஆரம்பித்தார்.

"நான் இல்ல. அவ்வளவுதான்." அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "அது மட்டும் இல்ல. அந்த எடத்துல வெக்கச் சொன்னதே நான்தான். சுவத்துலேர்ந்து அஞ்சடின்னு உங்க எல்லார் உயிரையும் எடுத்தவ நான். மத்தவங்க வீட்டு ஓரம் வெக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு என் தங்கச்சி வீட்டு ஓரமா வெச்சேன். அவளக் கேக்கக்கூட இல்ல. தப்பு என்னுது."

அதிகாரி ரொம்ப நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். விசாரணை முடிகிற வரைக்கும் அவள் பொறுப்பில் இருக்க முடியாது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அக்கா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். நாடாவைச் சுற்றி, சலவைத் துணி மடிப்பது போல ஒழுங்காக மடித்து வைத்தாள். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து, "உங்க அக்காவுக்கு எவ்ளோ பெரிய மனசு பாத்தியா" என்றார். அவர் கண்ணில் தண்ணீர்.

நான் அப்போதும் எழுந்திருக்கவில்லை. இதை நான் யாரிடமும் நியாயப்படுத்தப் போவதில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளை நினைத்தால் எனக்கே தூக்கிவாரிப் போடுகிறது.

கூட்டம் முடிந்து நேரே வீடு இருந்த இடத்துக்குப் போனோம். சாம்பலை அள்ளும் வேலை பாக்கி இருந்தது. என் வீட்டுக்காரர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சமையலறை இருந்த மூலைக்குப் போனார். அக்காவும் நானும் வாசல் பக்கம் ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தோம். அரைக் கூடை நிறைந்ததும் நான் ஆரம்பித்தேன்.

"அக்கா, லாரி வந்த அன்னிக்கு..."

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு சாயங்காலமே டிரைவர் போன் பண்ணிட்டாரு. உங்க தங்கச்சி வாசல்லதான் நின்னாங்க, போட மாட்டேன்னுட்டாங்கன்னாரு."

பதினோரு நாள். தலையணை மாற்றிக் கொடுத்தாள், தலை வலிக்கிறது என்றால் தைலம் தேய்த்துவிட்டாள். அத்தனை நாளும் தெரிந்துகொண்டே.

"அப்ப எனக்காகத்தான் இன்னிக்குப் பழியத் தூக்கிப் போட்டுக்கிட்டியா?"

"உனக்காக ஒண்ணும் இல்ல." அவள் குரலில் முதல் முறையாகக் கோபம் வந்தது. "வெள்ளிக்கிழமை பூரா நான் சும்மாதான் இருந்தேன். நாலு பேரக் கூப்பிட்டிருந்தா ஒரு மணி நேரத்துல ரோட்டுக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டிருக்கலாம். போட்டேனா? ஒரு கையெழுத்துப் போட முடியாதா இவளுக்கு, அவ்ளோ திமிரா, அவளே வந்து என்னைக் கேக்கட்டும்னு உக்காந்திருந்தேன். நான் சொன்னது என் தப்ப. அதுல பொய்யே இல்ல."

நான் அவள் வர வேண்டும் என்று காத்திருந்தேன். அவள் நான் வர வேண்டும் என்று காத்திருந்திருக்கிறாள். நடுவில் முப்பது வீட்டுத் தூரம்கூட இல்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப என் தப்பு?" என்றேன்.

"அத நான் எப்படிடி சொல்றது?" என்றாள் அக்கா. "நீ சொல்லுவேன்னு தெனம் பாத்துக்கிட்டே இருந்தேன். இன்னிக்குக்கூட, எந்திரிக்கறதுக்கு முன்னாடி உன் பக்கம் பாத்தேன். நீ குனிஞ்சுக்கிட்ட."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு குப்பை மேட்டுப் பக்கம் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சமையலறை மூலையில் என் வீட்டுக்காரர் குனிந்து கிளறிக்கொண்டே தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். "அக்கா என்னமோ நல்ல மனசுல சொல்லிட்டாங்க. ஆனா அந்த டிரைவர் வந்தேன்னு சொல்றான் பாரு, அது பச்சைப் பொய்யி. நாளைக்கே நகராட்சியில போய் எழுதிக் கொடுக்கப் போறேன். அவன் வேலைய விட்டு அனுப்பாம விட மாட்டேன்."

சாம்பல் இன்னும் மெத்தென்று இருந்தது. கால் புதையப் புதைய அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னங்க" என்றேன். "லாரி வந்துது. அன்னிக்கு நான் வாசல்லதான் நின்னேன். கையெழுத்துக் கேட்டாரு. நான் போட மாட்டேன்னுட்டேன்."

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக நிமிர்ந்தார். முகமெல்லாம் சாம்பல்.

"என்ன சொன்ன?"

நான் இன்னொரு தடவை சொன்னேன்.